கெட்ட மதுவத்தை அடக்க வடி நல்லதா, சல்பைற் நல்லதா?

நத்தாருக்குப் போட்ட திராட்சை வைன் தை மாதத்துக்குள் குதிரை வியர்வை போலவோ, காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்ரர் போலவோ மணக்கத் தொடங்கினால், பெரும்பாலும் அது பிரெற்றனோமைசிஸ் என்ற மதுவத்தின் (ஈஸ்ற்) வேலை. மிகச் சிறிதளவு சீனி மிஞ்சினாலே அதற்குப் போதும். மட்டக்களப்பு வெக்கையில் இன்னும் வேகமாகப் பெருகும்.

துணியும் கோப்பி வடிதாளும் மண்டியைத்தான் பிடிக்கும். மதுவக் கலம் சில மைக்ரோன்கள் (ஒரு மைக்ரோன் மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவே இருப்பதால் சுலபமாகக் கடந்துவிடும். அட்டை வடி இதைவிட மேல். ஆனால் அதில் எழுதியிருக்கும் மைக்ரோன் எண் கிட்டத்தட்டச் சொல்வதுதான், சில கலங்கள் தப்பும்.

நம்பக்கூடிய வடி 0.45 மைக்ரோன் துளையுள்ள மெம்பிரேன், அதாவது மெல்லிய சவ்வு வடி. சல்பைற் (மதுவத்தை அடக்கப் போடும் கந்தக உப்பு) பட்ட பிரெற்றனோமைசிஸ் கலங்கள் சுருங்கிவிடும் என்பதால் 0.65ஐ நான் நம்பமாட்டேன். கலங்கலான வைனை நேரே விட்டால் மெம்பிரேன் உடனே அடைத்துக்கொள்ளும். முதலில் தெளியவைத்து, அட்டை வடியில் விட வேண்டும். அப்புறம் குழாய், போத்தல், மூடி எல்லாமே கிருமி நீக்கியவையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வடித்த பாடு வீண். ஒரு வாளி வைனுக்கு இவ்வளவும் தேவையா என்றால், இல்லை என்பேன்.

அந்த அளவுக்குப் பொற்றாசியம் மெற்றாபைசல்பைற் என்ற சல்பைற் தூளே போதும். அதன் நிறையில் 57 வீதம் அளவு, மதுவத்தை அடக்கும் கந்தகவீரொட்சைட்டு. வைனின் பி.எச் (புளிப்பைக் காட்டும் எண்) 3.5 என்றால் லீற்றருக்கு ஏறத்தாழ 40 மில்லிகிராம் கந்தகவீரொட்சைட்டு வைனோடு பிணையாமல் நிற்க வேண்டும், 3.8 என்றால் ஏறக்குறைய இரட்டிப்பு. 10 லீற்றருக்கு 40 மில்லிகிராம் வீதம் சேர்க்க 0.7 கிராம் தூள் பிடிக்கும். போடுவதில் ஒரு பங்கு வைனோடு பிணைந்துபோகும், மிச்சமும் நாளாக நாளாகக் குறையும். அளவு இவ்வளவு சிறியது என்பதால் கரண்டியால் அள்ளிப் போடாதீர்கள், நகைக்கடைக்காரர் வைத்திருப்பது போன்ற சின்னத் தராசு வாங்குங்கள். வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் சல்பைற் போட்டதைக் கட்டாயம் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

சுடவைப்பதும் மதுவத்தைக் கொல்லும். ஆனால் பழ மணமும் கூடவே போய்விடும், எனக்கு அதில் மனமில்லை.

இனிப்பு வைன் என்றால் என் தீர்ப்பு மாறும். சீனி நிறைய மிஞ்சிய வைனைச் சல்பைற் மட்டும் காக்காது, போத்தலுக்குள் மறுபடி நொதித்து வெடிக்கவும் கூடும். பல போத்தல்கள் நிரப்புகிறவர்கள் சல்பைற்றோடு மெம்பிரேனுக்கும் செலவழிப்பது நியாயம்.

மணம் ஏற்கெனவே வந்துவிட்டதா? அதைத் தருகிற எதைல்பீனோல் வைனில் கரைந்திருக்கும், எந்த மெம்பிரேனிலும் தங்காது. அந்த வைனை நல்லதோடு கலக்கவேண்டாம். அது இருந்த மரப் பீப்பாவையும் இனி வைனுக்கு எடுக்கவேண்டாம், மதுவம் மரத்துக்குள் பல மில்லிமீற்றர் ஆழம் வரை இறங்கியிருக்கும்.