எஸ்.பி.ஆருக்கு எந்த லோயர்? ஃபோர்ஜ்டா, பில்லட்டா, பாலிமரா?

ஏஆர்-15 ரைஃபிள் வாங்கிய யாரும் அதை வாங்கிய மாதிரியே வைத்திருப்பதில்லை. இந்த வருஷம் பேரல் (குழல்), அடுத்த வருஷம் டிரிகர், அப்புறம் ஸ்டாக் (தோளில் அணைக்கும் பின்கட்டை) என்று ஒவ்வொன்றாக மாறிக்கொண்டே இருக்கும். மாறாதது லோயர் மட்டும்தான், அதாவது டிரிகரும் தோட்டாப் பெட்டியான மேகசினும் பொருந்தும் கீழ்ப்பாதி. அமெரிக்கச் சட்டப்படி துப்பாக்கி என்பதே அந்தக் கீழ்ப்பாதிதான். சீரியல் எண் அதில்தான் இருக்கிறது. சாதாரண ரைஃபிளில் லோயர் பிடிக்கவில்லை என்றால் விற்றுவிட்டு வேறு வாங்கலாம், பெரிய விஷயமில்லை. எஸ்.பி.ஆர். (குட்டைப் பேரல் ரைஃபிள்) ஆகப் பதிந்துவிட்டால் கதை வேறு. உங்கள் பெயரையே அதில் பொறிக்க வேண்டியிருக்கும்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரைஃபிளின் பேரல் 16 அங்குலத்துக்குக் குறைந்தாலோ, மொத்த நீளம் 26 அங்குலத்துக்குக் குறைந்தாலோ அது 1934ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டத்துக்குள் வந்துவிடும். துப்பாக்கிகளைக் கண்காணிக்கும் மத்திய அமைப்பான ஏ.டி.எஃபிடம் ஃபார்ம் 1 என்ற விண்ணப்பம் கொடுத்து, கைரேகை கொடுத்து, ஒப்புதல் வந்த பிறகுதான் குட்டைப் பேரலை மாட்டலாம். 1934இல் வைத்த 200 டாலர் வரி தொண்ணூறு வருஷத்துக்கு மேல் அப்படியே கிடந்தது. 2026 ஜனவரி 1 முதல் எஸ்.பி.ஆருக்கு அது பூஜ்யம். வரிதான் போயிற்று, பதிவும் காத்திருப்பும் போகவில்லை. கலிஃபோர்னியா, நியூயார்க், நியூ ஜெர்சி போன்ற மாநிலங்களில் சாதாரண ஆளுக்கு இது கிடையாது. எச்-1பி விசாவில் இருக்கும் நம்மவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர, அந்த விசாவில் துப்பாக்கி வைத்திருப்பதே மத்தியச் சட்டப்படி குற்றம்.

சரி, லோயருக்கு வருவோம். கடையில் மூன்று ரகம் இருக்கும்.

ஃபோர்ஜ்டு என்பது சூடாக்கிய அலுமினியத்தை அச்சில் வைத்துச் சம்மட்டி அடியாக அடித்து உருவம் கொடுத்து, பிறகு தேவையான இடங்களை மட்டும் கடைந்தெடுப்பது. அமெரிக்க ராணுவத்தின் எம்4 துப்பாக்கியின் லோயர் இப்படித்தான் வருகிறது. உலோகம் 7075-டி6 என்ற அலுமினியக் கலவை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. சந்தையில் எத்தனையோ பிராண்டுகள் இருந்தாலும், அடித்துக் கொடுக்கும் பட்டறைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. லோயரின் மேல் சிறிய சாவித்துளைச் சின்னம் இருந்தால் அது செர்ரோ பட்டறைச் சரக்கு. அதே சின்னத்தை மலிவான பிராண்டிலும் பார்க்கலாம், விலை கூடிய பிராண்டிலும் பார்க்கலாம். வித்தியாசம் அதற்குப் பிறகு நடக்கும் கடைசலிலும் மேல்பூச்சிலும் சோதனையிலும்தான்.

பில்லட் என்பது முழு அலுமினியக் கட்டியை எந்திரத்தில் குடைந்து எடுப்பது. பார்க்க அழகு. கோடுகள், சரிவுகள், விரிந்த மேகசின் வாய் எல்லாம் இருக்கும். விலை இரண்டு மூன்று மடங்கு, எடையும் சற்றுக் கூட. பலம் கூடுதலா என்றால், இல்லை. 7075 கட்டியில் செய்ததென்றால் கிட்டத்தட்ட சமம். 6061 என்ற இன்னொரு அலுமினியக் கலவையில் செய்ததென்றால் குறைவு. 6061-டி6 வளையத் தொடங்கும் அழுத்தம் 7075-டி6இன் பாதியை ஒட்டித்தான். இதை வாங்குவதற்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டும், விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போட மாட்டார்கள். நியாயமாகச் சொன்னால், சுடும்போது வரும் வாயு அழுத்தத்தைத் தாங்குவது லோயர் அல்ல. தோட்டாவைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட்டும் பேரலின் பின்பகுதியும்தான் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு அதைத் தாங்குகின்றன. ஆகவே பலம் என்று சொல்லி பில்லட்டுக்குக் காசு கொடுப்பதில் அர்த்தமில்லை. அழகுக்குக் கொடுக்கிறேன் என்றால் அது உங்கள் இஷ்டம்.

பாலிமரை, அதாவது பிளாஸ்டிக்கை, நான் சீக்கிரம் கடந்துவிடுகிறேன். லோயர் பெரும்பாலும் முறியும் இடம் ஒன்றுதான்: பின்னால், ஸ்டாக்கைத் தாங்கும் பஃபர் குழாய் திருகப்படும் வளையம். துப்பாக்கி ஸ்டாக் கீழாக விழுந்தால் மொத்த நெம்பும் அங்கேதான் இறங்கும். பழைய பாலிமர் லோயர்கள் அங்கே விரிசல் விட்டுத்தான் பெயரைக் கெடுத்துக்கொண்டன. கேஇ ஆர்ம்ஸின் கேபி-15 இதற்கு நல்ல விடை கண்டது. ஸ்டாக், கைப்பிடி, லோயர் எல்லாவற்றையும் ஒரே வார்ப்பாக்கி அந்த வளையத்தையே ஒழித்துவிட்டது. ஆனால் ஸ்டாக்கின் நீளத்தை மாற்ற முடியாது. அடக்கமாக இருக்கட்டும் என்று பேரலைக் குறைத்துவிட்டு, சுருங்காத ஸ்டாக்கை மாட்டிக்கொள்வது எனக்கு ஒப்பவில்லை.

எஸ்.பி.ஆருக்கு உண்மையில் ஃபோர்ஜ்டுக்கும் பில்லட்டுக்கும் நடுவே தீர்ப்புச் சொல்வது பொறிப்பு. ஃபார்ம் 1 வழியில் போனால் சட்டப்படி 'தயாரிப்பாளர்' நீங்கள்தான். உங்கள் பெயர் அல்லது (துப்பாக்கியை ஒரு டிரஸ்டில் பதிந்தால்) டிரஸ்டின் பெயர், ஊர், மாநிலம் ஆகியவற்றைக் குறைந்தது 0.003 அங்குல ஆழத்தில் வெட்ட வேண்டும். முன்பு பேரலில் வெட்டவும் அனுமதி இருந்தது, 2022இல் விதி மாறிய பிறகு லோயரில்தான் வெட்ட வேண்டும். அதனால் எல்லோரும் லோயரில்தான் வெட்டுகிறார்கள். நண்பர் ஒருவர் செதுக்குச் சிற்பம் போன்ற பில்லட் லோயரை ஆசையாக வாங்கி, பொறிப்பவரிடம் கொண்டுபோனார். தட்டையான இடமே இல்லை. கடைசியில் ஒரு சரிவில் எழுத்துகள் ஏறி இறங்கி, பெயர்ப் பலகை காற்றில் சாய்ந்த மாதிரி உட்கார்ந்திருக்கிறது. அழித்து எழுதவும் முடியாது. ஃபோர்ஜ்டு லோயரில் மேகசின் வாயின் வலது பக்கம் அகலமான வெற்றுத் தட்டு இருக்கும். அதில் நிம்மதியாக வெட்டலாம்.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் கம்பெனியே எஸ்.பி.ஆர். ஆகச் செய்து விற்பதை ஃபார்ம் 4 மூலம் வாங்கலாம். பொறிப்பு வேலை இல்லை. ஆனால் ஒப்புதல் வரும்வரை அது டீலரிடம்தான் இருக்கும். ஃபார்ம் 1 வழியில் லோயர் உங்களிடமே இருக்கும், அதுவரை 16 அங்குலப் பேரலோடு சுட்டுக்கொண்டிருக்கலாம். அந்தப் பேரலைச் சட்டப்படி மாட்டக்கூடிய வேறு துப்பாக்கி இல்லாதவர் ஒப்புதலுக்கு முன்பே குட்டைப் பேரலை வாங்கி வீட்டில் வைத்துக்கொள்வது மட்டும் கூடாது. மாட்டாமல் வைத்திருந்தாலும் வம்பு வரலாம்.

இனி ஆம்பி லோயர். எல்எம்டி கம்பெனியின் மார்ஸ்-எல், அமெரிக்கன் டிஃபென்ஸ் மேனுஃபாக்சரிங் கம்பெனியின் யுஐசி போன்றவற்றில் பொத்தான்கள் இரண்டு பக்கமும் இருக்கும். நான் பீச்சாங்கைக்காரன் என்பதால் எல்லோரும் எனக்கு இதைத்தான் சிபாரிசு செய்தார்கள். வாங்கிப் பார்க்கும் முன் இரவல் வாங்கிச் சுட்டுப் பார்த்தது நல்லதாயிற்று. சாதாரண லோயரில் போல்ட்டை விடும் நெம்பு இடது பக்கம் இருக்கிறது. இடது கையால் பிடிப்பவனுக்கு டிரிகர் விரலே அதைத் தொட்டுவிடும். மேகசின் பொத்தான் வலது பக்கம், என் கட்டைவிரலுக்கு எட்டும். உண்மையில் கஷ்டம் சேஃப்டியில் மட்டும்தான், அதற்கு இரு பக்க சேஃப்டி எந்த லோயரிலும் போட்டுக்கொள்ளலாம். வலது பக்க போல்ட் நெம்பால் அதிகம் பயன் பெறுவது வலதுகைக்காரர்கள்தான்! போட்டியில் சுடுபவர்கள் தாராளமாக வாங்கலாம். ஆனால் அந்த உள்பாகங்கள் அந்தந்தக் கம்பெனிக்கே உரியவை. இருபது வருஷம் கழித்து உடைந்தால் எங்கே தேடுவது என்ற கேள்வி இருக்கிறது. மாற்ற முடியாத லோயரில் கிடைக்காத உதிரிபாகம் இருப்பது எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கும்.

கடைசியில் நான் எடுத்தது ஏரோ பிரிசிஷனின் எம்4இ1. ஃபோர்ஜ்டுதான், ஆனால் போல்ட் நெம்பின் ஊசியைச் சுத்தியலால் அடித்து ஏற்ற வேண்டாம், திருகினால் போதும். மேல்பாதி ஆடாமல் இறுக்க அடியில் ஒரு சின்னத் திருகும் உண்டு. மற்றபடி எல்லா இடத்திலும் கிடைக்கும் சாதாரண பாகங்களே இதற்குப் பொருந்தும். இப்போது அதில் 5.56 தோட்டாவுக்கான 10.5 அங்குலப் பேரல் மேல்பாதி இருக்கிறது, .300 பிளாக்அவுட் என்ற வேறு தோட்டாவுக்கான ஒன்பது அங்குல மேல்பாதி ஒன்று அலமாரியில் காத்திருக்கிறது. இரண்டுக்கும் ஒரே மேகசின்தான் என்பதால், எந்தத் தோட்டா எதில் இருக்கிறது என்று தெரிய ஒரு ரகத் தோட்டாவின் மேகசின்களில் மட்டும் சிவப்பு டேப் சுற்றி வைத்திருக்கிறேன்.