காது எது, வாய் எது: துவாஸ் யார்டில் ஒரு ஈ அண்ட் எம் கார்டோடு ஏழு வருஷம்

2017 டிசம்பரில் மாட்டிய பெட்டி. சிங்கப்பூரின் துவாஸில் ஒரு கப்பல் பழுதுபார்க்கும் யார்டின் டெலிபோன் அறையில் ஒரு சிஸ்கோ 2811 ரூட்டர், பாசிர் பாஞ்சாங் அலுவலகத்தில் அதே மாதிரி இன்னொன்று. இரண்டிலும், பிபிஎக்ஸோடு (இடத்தின் உள் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்) இணைக்க இரண்டு போர்ட் ஈ அண்ட் எம் கார்டு ஒன்று, வெளி டெலிபோன் லைன்களுக்கு நாலு போர்ட் எஃப்எக்ஸ்ஓ கார்டு ஒன்று. 2011லேயே விற்பனையை நிறுத்திய மாடல், செகண்ட் ஹேண்டில்தான் வாங்கினேன். வாங்கும்போது இரண்டு வருஷம் ஓடினால் போதும் என்றுதான் கணக்குப் போட்டேன். ஏழு வருஷம் ஆகிவிட்டது.

ஏன் இந்தப் பழைய சாமான்? யார்டில் இருக்கும் பிபிஎக்ஸ் அதைவிடப் பழையது. அதன் பின்னால் நூற்றைம்பதுக்கு மேல் எக்ஸ்டென்ஷன்கள். அதில் பாதி, டாக் ஓரத்தில் உப்புக்காற்றில் நிற்கும் கனமான இரும்புப் பெட்டி போன்கள். அவற்றை மாற்றச் செலவு செய்ய முதலாளிக்கு மனசில்லை. ஆனால் இரண்டு இடத்துக்கும் நடுவே ஓடிய வாடகை டை லைனை மட்டும் எடுத்துவிட வேண்டும், ஏற்கெனவே இருக்கும் ஃபைபரிலேயே பேச்சும் போகவேண்டும். அதற்குத்தான் இந்த ஏற்பாடு. புதுக் கட்டடமாக இருந்திருந்தால் நேரே சிப் டிரங்க், அதாவது நெட்வொர்க் வழியே போகும் போன் இணைப்பு, போடச் சொல்லியிருப்பேன், இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டேன்.

பெட்டி ஒழுங்காகத்தான் ஓடியது. என் தூக்கத்தைக் கெடுத்தது கார்டுக்கும் பிபிஎக்ஸுக்கும் நடுவே போகும் எட்டுக் கம்பி.

ஈ அண்ட் எம் என்பதைக் காது, வாய் என்று ஞாபகம் வைத்துக்கொள்வார்கள். ஈ என்றால் இயர், எம் என்றால் மவுத். கேட்க எளிதாக இருக்கும், ஆனால் யாருடைய காது என்பதில்தான் ஆள் விழுவான். பெயர் பிபிஎக்ஸ் பக்கத்திலிருந்து வைத்தது. பிபிஎக்ஸ் எம் கம்பியில் ‘லைனை எடுத்துவிட்டேன்’ என்று சொல்லும், ஈ கம்பியில் எதிர்ப்பக்கம் சொல்வதைக் கேட்கும். ரூட்டருக்கு எல்லாம் தலைகீழ். அது எம்மைக் கேட்கும், ஈயில் பேசும். ‘வாய் காதுக்குத்தானே போகணும்’ என்று நினைத்து ஈயையும் எம்மையும் குறுக்கே மாற்றிக் கட்டுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். முதல் நாள் நானும் கட்டினேன். ஈக்கு ஈ, எம்முக்கு எம், நேராகப் போகவேண்டும். குறுக்கே கட்டும் வேலை இரண்டு ரூட்டரை நேருக்கு நேர் இணைக்கும்போது மட்டும்தான் வரும்.

அடுத்தது டைப், அதாவது அந்தக் கம்பிகளில் சிக்னல் கொடுக்கும் முறை. ஒன்று முதல் ஐந்து வரை இருக்கிறது. கார்டு தானாக எடுத்துக்கொள்வது டைப் ஒன்று, எங்கள் பிபிஎக்ஸ் டைப் ஐந்து. அதன் கையேடு எப்போதோ தொலைந்துவிட்டது, வைத்த கம்பெனியும் எடுத்துக்கொடுக்கவில்லை. அதனால் மூன்று நாள் நடந்தது இதுதான். பாசிர் பாஞ்சாங்கிலிருந்து கூப்பிட்டால் யார்டில் மணி அடிக்கும். ஆள் எடுத்து ‘ஹலோ, ஹலோ’ என்பார். கூப்பிட்டவர் பக்கத்திலோ எடுத்ததாகவே பதிவாகாது, கொஞ்ச நேரத்தில் கால் அறுந்துவிடும். யார்டிலிருந்து டிரங்க் எண் 7ஐ அழுத்தினாலோ கிணற்றில் கல் போட்ட மாதிரி, சத்தமே இல்லை.

இதற்குக் காரணம் ரொம்ப அழகானது. ஈ கம்பி விஷயத்தில் டைப் ஒன்றும் ஐந்தும் ஒரே மாதிரி, எடுத்தால் எர்த், வைத்தால் திறந்த கம்பி. அதனால் ரூட்டர் சொன்னது பிபிஎக்ஸுக்குப் புரிந்தது, மணியும் அடித்தது. எம் கம்பியில்தான் வேற்றுமை. டைப் ஒன்றில் சும்மா இருக்கும்போது எர்த், எடுத்ததும் மைனஸ் 48 வோல்ட். டைப் ஐந்தில் சும்மா இருக்கும்போது திறந்த கம்பி, எடுத்ததும் எர்த். பிபிஎக்ஸ் ‘எடுத்துவிட்டேன்’ என்று எர்த் கொடுத்தது, ரூட்டர் அதை ‘சும்மா இருக்கிறேன்’ என்று படித்தது. மாமியார் மருமகள் கதைதான்.

மூன்றாம் நாள் சாயந்திரம் கான்ஃபிகரேஷனை மூடி வைத்துவிட்டு மல்டிமீட்டரை எடுத்தேன். என்னோடு வேலை பார்த்த பட்டுக்கோட்டைத் தம்பி டார்ச் பிடித்தான். ரூட்டர் பக்கக் கேபிளைக் கழற்றிவிட்டு, கம்பிகளைச் சேர்க்கும் கிரோன் பட்டையில் பிபிஎக்ஸ் பக்கத்தை மட்டும் அளந்தோம். ஒரு கம்பிக்கும் எர்த்துக்கும் நடுவே 48 வோல்ட்டுக்குப் பக்கத்தில் நின்றது. அது ஈ, பிபிஎக்ஸ் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கும் கம்பி. இன்னொன்றில் வோல்ட் எதுவும் இல்லை. அதை உறுதிசெய்துகொண்டு மீட்டரை ஓமுக்கு மாற்றினேன், முள் அசையவில்லை. “தம்பி, அந்த எக்ஸ்டென்ஷன்ல போய் 7 அமுக்குடா” என்றேன். அமுக்கினான். முள் அப்படியே பூஜ்யத்துக்குப் படுத்துவிட்டது.

“அண்ணே, இதையா மூணு நாளாத் தேடினோம்?” என்றான்.

டைப்பை ஐந்தாக மாற்றி, போர்ட்டை ஒருமுறை மூடித் திறந்தேன். மூடித் திறக்காமல் விட்டால் மாற்றம் பிடிக்காது. அன்று இரவு ஏழு மணிக்கு முதல் கால் இரண்டு பக்கமும் ஒழுங்காகப் போனது. இப்போதெல்லாம் ஒரு பழைய பிபிஎக்ஸைத் தொடுமுன் இந்த அளவைத்தான் முதலில் எடுப்பேன், பத்து நிமிஷத்துக்கு மேல் ஆகாது.

டைப் ஐந்தில் சிக்னலுக்குத் திரும்பும் வழி எர்த்தான். ஆகவே பிபிஎக்ஸும் ரூட்டரும் ஒரே எர்த்தில் இருக்கவேண்டும். பச்சை மஞ்சள் கம்பி ஒன்றைத் தடிமனாக இழுத்து இரண்டையும் சேர்த்தேன். 2020இல் ஒரு நாள் சில கால்கள் மட்டும் போகாமல் நின்றபோது, அந்தக் கம்பியின் ஸ்க்ரூ துருப்பிடித்துத் தளர்ந்திருந்தது. கடலோர இடம், என்ன செய்ய.

நாலு வயரா, இரண்டு வயரா என்ற குழப்பத்தையும் சொல்லியாக வேண்டும். அந்த எண்ணிக்கை பேச்சுக்கு மட்டும்தான், சிக்னல் கம்பிகள் அதற்கு மேல் தனி. நாலு வயர் லைன் என்று சொல்லிவிட்டு ஆறு கம்பி, எட்டுக் கம்பி வந்து நின்றால் தப்பில்லை. கார்டு தானாக எடுத்துக்கொள்வது இரண்டு வயர். எங்களுடையது நாலு. மாற்றாமல் விட்டால் ஒரு பக்கம் மட்டும் கேட்கும். இன்னும் மோசம், ஒரு திசைப் பேச்சுக்கான டிப் ரிங் ஜோடியை எதிர்த்திசைக்கான டிப்1 ரிங்1 ஜோடியோடு மாற்றிக் கட்டிவிட்டால் இரண்டு பக்கமும் ஊமை. மணி அடிக்கும், கால் இணையும், ஆனால் யாருக்கும் எதுவும் கேட்காது. கால் இணைந்தும் பேச்சு இல்லையென்றால் நான் சிக்னல் கம்பியைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

கார்டின் பின் வரிசை எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். 1 எஸ்பி (சிக்னல் பேட்டரி), 2 எம், 3 ரிங், 4 ரிங்1, 5 டிப்1, 6 டிப், 7 ஈ, 8 எஸ்ஜி (சிக்னல் கிரவுண்ட்). சாதாரண நெட்வொர்க் கேபிளின் முறுக்கு ஜோடிகளோடு அப்படியே பொருந்தும்: ஆரஞ்சில் எம்மும் எஸ்பியும், பச்சையில் டிப்பும் ரிங்கும், நீலத்தில் டிப்1 ரிங்1, பழுப்பில் ஈயும் எஸ்ஜியும். யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள். நம் தம்பி ஒருமுறை அவசரத்தில் 3-4 ஒரு ஜோடி, 5-6 ஒரு ஜோடி என்று முறுக்கைப் பிரித்துக் கட்டிவிட்டான். மீட்டரில் எல்லாம் சரி. பேசினால் மட்டும் என் குரல் எனக்கே மெல்லிசாகத் திரும்பிக் கேட்டது. போகும் பேச்சும் வரும் பேச்சும் ஒரே முறுக்கில் சுற்றிக்கொண்டிருந்தால் வேறென்ன கேட்கும்?

எஃப்எக்ஸ்ஓ பக்கம் வேறு கதை. வெளி லைன்கள் நாலு, கேட் பாதுகாவலர் அறைக்கு வரும் கால்களுக்கு. ஒரு வெள்ளிக்கிழமை இரவு அழைத்தவர் போனை வைத்த பிறகும் போர்ட் லைனை விடவில்லை. திங்கள் காலை வரை அந்த எண்ணுக்கு யார் அடித்தாலும் பிஸி. மீட்டர் வைத்தால் 8 வோல்ட் சொச்சம். லைன் எடுத்த நிலையிலேயே கிடக்கிறது என்று அர்த்தம், சும்மா இருந்தால் 48க்குப் பக்கத்தில் காட்டவேண்டும்.

லூப் ஸ்டார்ட் லைனில், அதாவது சாதாரண இரண்டு கம்பி போன் லைனில், இது பிறவி நோய். எதிர்ப்பக்கம் வைத்ததை எக்ஸ்சேஞ்ச் ஏதாவது ஒரு விதத்தில் சொல்லவேண்டும். மின்சாரத்தை ஒரு கணம் வெட்டலாம், திசையை மாற்றலாம், இல்லை பிஸி டோனாவது போடலாம். எங்கள் லைனில் கிடைத்தது டோன் மட்டும். சிங்கப்பூர் பிஸி டோன் 425 ஹெர்ட்ஸ், முக்கால் வினாடி ஒலி, முக்கால் வினாடி மௌனம். கார்டோ அமெரிக்க டோனை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தது, 480உம் 620உம் சேர்ந்தது, அரை வினாடிக்கு அரை வினாடி. காதில் விழுந்த டோனை அது பிஸி என்றே ஏற்றுக்கொள்ளவில்லை. நாட்டு டோனை எஸ்ஜி, அதாவது சிங்கப்பூர், என்று மாற்றி, டோனைக் கேட்டதும் துண்டிக்கச் சொல்லும் கட்டளையையும் போட்டேன். அதற்குப் பிறகு ஒரு தடவைகூட லைன் மாட்டிக்கொள்ளவில்லை. ஈ அண்ட் எம்மில் இந்தத் தொல்லையே கிடையாது. வைத்தால் வைத்ததாகக் கம்பியே சொல்லிவிடும். அதற்காகத்தான் இத்தனை பாட்டுக்குப் பிறகும் எனக்கு அதன் மேல் பாசம்.

இடிக்கு இரண்டு எஃப்எக்ஸ்ஓ கார்டு பலி. இரண்டுமே நவம்பரில். முதல் தடவை கிரோன் பட்டையில், இடியின் மின்சாரத்தை எர்த்துக்குத் திருப்பிவிடும் சர்ஜ் அரெஸ்டரே இல்லை. இரண்டாம் தடவை அரெஸ்டர் இருந்தது, அதன் பட்டையை எர்த்தோடு சேர்க்க மறந்திருந்தேன். அதைக் கேட்டு யார்டு சூப்பர்வைசர் ஐயா ஒன்றும் சொல்லவில்லை, ஒரு பார்வை மட்டும் பார்த்தார். எர்த் சேர்த்த பிறகு கார்டு எதுவும் போகவில்லை.

வேறு இடத்தில் இதைச் செய்ய நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: கட்டடத்துக்கு வரும் போன் லைன்கள் எல்லாம் சேரும் எம்டிஎஃப் அறையைத் திறக்குமுன், சிங்கப்பூர் தொலைத்தொடர்பு ஆணையமான ஐஎம்டிஏவின் உரிமம் உள்ள வயரிங் காண்ட்ராக்டரைக் கூப்பிடுங்கள். உங்கள் பிபிஎக்ஸ் பக்கத்துக் கிரோன் வரை மட்டும்தான் உங்கள் ராஜ்யம். கார்டு வாங்கும்போது ரூட்டரில் குரலை டிஜிட்டலாக மாற்றிக் கையாளும் டிஎஸ்பி மாட்யூல் இருக்கிறதா என்று திறந்து பார்த்து வாங்குங்கள். செகண்ட் ஹேண்ட் கடைகளில் அதைத் தனியாகக் கழற்றி விற்றுவிடுவதுண்டு, அது இல்லாமல் கார்டால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

யார்டில் அடுத்த வருஷம் பிபிஎக்ஸையே மாற்றப் போவதாகப் பேச்சு. மூன்று வருஷமாக அதே பேச்சுதான். போன வாரம் எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு ஈ அண்ட் எம் கார்டு வாங்கி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு அலமாரியில் வைத்திருக்கிறேன்.