ஜவ்வு விலகல்: கத்தியா, காத்திருப்பா?

இடுப்புப் பகுதியில் முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் ஜவ்வு (டிஸ்க்) பிதுங்கி நரம்பை அழுத்த, வலி பின்தொடை வழியாகக் கெண்டைக்கால் வரை இறங்குகிறது. ஆபரேஷன் செய்வதா, பிசியோதெரபியோடு பொறுத்திருப்பதா? நான் பொறுத்திருந்து தேறியவன். என் சாய்வு அந்தப் பக்கம்தான், அதைக் கழித்துவிட்டுப் படியுங்கள்.

சிலருக்கு இந்தக் கேள்வியே எழக்கூடாது. சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, மலமும் நீரும் கட்டுப்பாட்டில் இல்லாமல் போனாலோ, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போனாலோ அந்த நிமிடமே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். பாதத்தைத் தூக்க முடியாமல் தொங்கினாலும், கால் பலம் குறைந்துகொண்டே வந்தாலும் அறுவை மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடக் கூடாது. நான் பேசுவது வலி மட்டும் வாட்டுகிறவர்களுக்கு.

செலவு, தழும்பு, மயக்க மருந்து பயமெல்லாம் தெரிந்த கதை. முடிவைத் தீர்மானிப்பது காலக் கணக்கு.

நெதர்லாந்தில் 283 பேரை வைத்து நடந்து 2007-ல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. எல்லாரும் 6 முதல் 12 வாரம் கடும் கால்வலியில் கிடந்தவர்கள். சீக்கிரமே ஆபரேஷனுக்கு அனுப்பப்பட்டவர்களில் பாதிப்பேர் 4 வாரத்திலேயே தேறினார்கள். காத்திருந்த அணியில் அதற்கு 12 வாரம் ஆனது. ஆனால் ஓர் ஆண்டு முடிவில் இரண்டு பக்கமும் 95 சதவீதம் பேர் நலம். ஆக, ஆபரேஷன் வாங்கித் தருவது வேகத்தை. ஒன்றையும் மறைக்கக் கூடாது: காத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேர் அந்த ஆண்டுக்குள் கடைசியில் ஆபரேஷன் செய்துகொண்டார்கள்.

காத்திருந்தால் எப்படிச் சரியாகிறது? பிதுங்கி வெளியே வந்த ஜவ்வுத் துண்டை உடலின் எதிர்ப்புச் செல்கள் அந்நியப் பொருளாகப் பார்த்து மெல்லக் கரைக்கின்றன. வேடிக்கை என்னவென்றால், லேசான புடைப்பைவிட முழுதாக உடைத்துக்கொண்டு வந்த துண்டுதான் அதிகம் சுருங்குகிறது. எம்.ஆர்.ஐ. அறிக்கையைப் படித்துவிட்டு நடுங்குகிறவர்கள் இதைக் கவனிக்கலாம். முதுகுவலியே இல்லாத 98 பேரை 1994-ல் ஸ்கேன் செய்து பார்த்தபோது, எல்லா ஜவ்வும் ஒழுங்காக இருந்தது 36 சதவீதம் பேருக்குத்தான்.

காத்திருப்பது என்றால் படுத்துக் கிடப்பதல்ல, அது கெடுதல். தாங்குகிற அளவுக்கு நடக்க வேண்டும், குனிந்து கனம் தூக்கக் கூடாது, ஒரே இடத்தில் நெடுநேரம் உட்காரக் கூடாது, பிசியோ சொல்லித்தரும் பயிற்சியை விடக் கூடாது. எனக்கு உட்காருவதுதான் பெரிய எதிரி, சாப்பாடுகூட நின்றபடிதான். வலி பாதத்தை விட்டு ஏறி இடுப்போடு நின்றால் நல்ல அறிகுறி, இடுப்பு கொஞ்சம் கூடுதலாக வலித்தாலும் சரி. இதை பிசியோ முன்பே சொல்லியிராவிட்டால் பயந்துபோயிருப்பேன். முதுகுத்தண்டில் போடும் ஸ்டீராய்டு ஊசி சிலருக்குக் கொஞ்ச காலம் வலியைக் குறைக்கும். நான் போட்டுக்கொள்ளவில்லை.

ஆபரேஷன் பக்கம் என் அனுபவம் பூஜ்யம். தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். இதற்குச் செய்யும் மைக்ரோடிசெக்டமி என்ற ஆபரேஷனில் நரம்பை அழுத்தும் துண்டை மட்டும் எடுக்கிறார்கள், மீதி ஜவ்வு அங்கேயே இருக்கும். அதனால் சிலருக்கு அதே இடத்தில் மறுபடி பிதுங்குகிறது, பயிற்சியிலிருந்தும் விடுதலை இல்லை. கால்வலி சட்டென்று விடும். இடுப்பு வலிக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. மரத்துப்போனது மீள நாளாகும்.

காத்திருப்புக்கும் ஒரு எல்லை உண்டு. 4 முதல் 12 மாதமாகக் கால்வலியோடு இருந்தவர்களை வைத்து கனடாவில் நடந்து 2020-ல் வெளியான ஆய்வில், ஆறு மாதம் கழித்து ஆபரேஷன் அணிக்கு வலி தெளிவாகவே குறைவு. அதனால் முதல் மூன்று மாதத்துக்குத்தான் நான் காத்திருப்பின் கட்சி. குடும்பமே நம் கைவேலையை நம்பியிருந்தால் அந்த மூன்று மாதமும் கட்டுபடியாகாமல் போகலாம், அந்த நிலையில் இருப்பவர்களிடம் நான் வாதாடமாட்டேன். நான்காம் மாதத்திலும் கால்வலி குறையாமல் நின்றிருந்தால், நானே ஆபரேஷனுக்குத் தேதி கேட்டிருப்பேன்.