ஆயில் டிரெயின் வால்வு வாங்கப் போறீங்களா? 11,800 ரூபாய் விட்டவன் சொல்றேன், கேட்டுட்டு வாங்குங்க

கையில இன்னும் ஆயில் பிசுக்கு போகல. கோபம் ஆறிட்டா எழுத மாட்டேன்னு தெரியும், அதான் கிருஷ்ணகிரியில மெக்கானிக் ஷெட் வாசல்ல உட்கார்ந்தே தட்டறேன். 11,800 ரூபாய். ஒரு விரல் நீளம்கூட இல்லாத சாமானால.

கார் ஆயிலை நான் வீட்டிலேயே மாத்தறவன். அதுல தொல்லையே பழைய ஆயிலை வடிக்க இன்ஜின் அடியில இருக்கிற அந்த டிரெயின் போல்ட்தான். அடியில மல்லாந்து படுத்து சூட்டோட கழட்டினா, கடைசி சுத்துல போல்ட் நழுவிச் சட்டிக்குள்ள விழும், ஆயில் முழங்கை வரைக்கும் வழியும். போல்ட் இருக்கிற இடத்துல ஒரு வால்வை மாட்டிட்டா, லிவரைக் கால் சுத்து திருப்பினா போதும், டியூப் வழியா நேரா கேனுக்குள்ள இறங்கிடும். சாமான் நல்ல சாமான்தான், அதை இப்பவும் குறை சொல்லல.

எல்லாமே விக்கிற ஒரு பெரிய ஆன்லைன் தளம், அதுல கார் உதிரிபாகம் விக்கிற ஒருத்தன். பேர் போட்டா பதிவே போயிடும், விடுங்க. "சுத்தப் பித்தளை, 14×1.5 திரெட், லாக் கிளிப்போட"ன்னு போட்டு 1,450 ரூபாய். 14-ங்கிறது திரெட்டோட தடிமன், 1.5 மரைக்கு மரை இடைவெளி (பிட்ச்), ரெண்டும் எம்எம்ல. நான் உடனே வாங்கிடல. நம்பர் தேடிப் பிடிச்சு போன் பண்ணேன். வண்டி, வருஷம் எல்லாம் பொறுமையா கேட்டுக்கிட்டான். அப்புறம் சொன்னான், "அண்ணா, இதே வண்டிக்கு நேத்துதான் ஓசூருக்கு ரெண்டு அனுப்பினேன்."

ஓசூர்! அந்த ஒரு வார்த்தையிலதான் விழுந்தேன். நம்ம மாவட்டத்துக்காரன் ரெண்டு பேர் வாங்கியிருக்கான், அப்புறம் என்ன யோசனைன்னு தோணிச்சு. அவன் யாருக்காவது அனுப்பினானான்னு இன்னிக்கு நினைச்சா சிரிப்பா வருது. சேலத்துக்காரன் கேட்டா நாமக்கல்னு சொல்லியிருப்பான்.

செவ்வாய்க்கிழமை வந்துச்சு. பெட்டி இல்ல, வெறும் பிளாஸ்டிக் கவர். எந்த நாட்டுல செஞ்சதுன்னு ஒரு எழுத்து இல்ல. லிவர் தானா திரும்பிடாம பிடிச்சு நிறுத்தற லாக் கிளிப்பும் இல்ல. ஞாயித்துக்கிழமை மாட்டினப்போ ரெண்டு சுத்துலயே இறுகி நின்னுடுச்சு. திரும்ப போன் பண்ணேன். "புதுசுண்ணா, அப்படித்தான் டைட்டா இருக்கும். ஸ்பேனர் போட்டு ஏத்துங்க." ஏத்தினேன். இத்தனை வருஷம் போல்ட் கழட்டி மாட்டினவனுக்கு அங்க கை நின்னிருக்கணும். என் தப்புதான், இல்லைன்னு சொல்லல. அன்னிக்கு ராத்திரி வரைக்கும் ஒரு சொட்டு ஒழுகல.

வியாழக்கிழமை காலையில தர்மபுரிக்கு வளைகாப்புக்குக் கிளம்பினோம். காரிமங்கலம் தாண்டறப்போ ஆயில் கேன் படம் போட்ட சிவப்பு லைட் எரிஞ்சுது. ஒரு விஷயம் தெரிஞ்சுக்கோங்க, அது ஆயில் குறையறப்போ எரியற லைட் இல்ல. பிரஷர் விழுந்தாதான் எரியும், அதாவது பம்புக்கு இழுக்கவே ஆயில் இல்லாதப்போ. உடனே ஓரங்கட்டி இன்ஜினை ஆஃப் பண்ணேன். அதனாலதான் பேரிங் பிழைச்சுது. பட்டுப்புடவையோட வீட்டுக்காரம்மா ஹைவே ஓரத்துல நின்ன கோலத்தைப் பத்தி நான் எழுதல.

பக்கத்துல இருந்து வந்த பெரியவர் வால்வைக் கழட்டி, மரை இடைவெளி அளக்கற பிட்ச் கேஜ் வச்சார். "தம்பி, இது ஒன்னேகால். உன் வண்டி ஒன்றரை." ரெண்டும் 14 எம்எம்தான், மரைக்கு மரை கால் மில்லிமீட்டர் வித்தியாசம். சம்ப்னா இன்ஜின் அடியில ஆயில் நிக்கிற தொட்டி, அந்த அலுமினிய மரையை இது அறுத்துக்கிட்டே ஏறியிருக்கு. சட்டைப்பையில இருந்து ஒரு காந்தத்தை எடுத்து மரைமேல வச்சார், சடக்குனு ஒட்டுச்சு. பித்தளையில காந்தம் ஒட்டாது. இரும்புக்கு மஞ்ச முலாம்!

வால்வு 1,450, ரோட்டுல ஊத்தின ஆயில் 1,750, வண்டி தூக்கிட்டு வந்ததுக்கு 2,200, சம்ப் 4,600, கூலி 1,800. கூட்டிப் பாருங்க, 11,800.

அப்புறம் ஆரம்பிச்சுது கூத்து. வித்தவனுக்குப் போன் போட்டேன். முதல்ல போட்டோ கேட்டான், அனுப்பினேன். வீடியோ கேட்டான், அனுப்பினேன். பார்சல் பிரிச்ச வீடியோ இருக்கான்னான், இல்ல. "அப்ப நாங்க அனுப்பினது இதுதான்னு எப்படிண்ணா நம்பறது?" நான் அவனை நம்பினதுக்கு எந்த வீடியோ இருந்துச்சு? கடைசியா, "நீங்க மெக்கானிக்கை வச்சு மாட்டலையே." அதோட நம்பரை பிளாக் பண்ணிட்டான்.

தளத்தோட சாட்ல நாலு தடவை நாலு பேர். ஒவ்வொருத்தரும் முதல்ல இருந்து கதை கேட்டு, "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்"னு முடிச்சாங்க. ரிட்டர்ன் ஏழு நாளாம், நான் ஒன்பதாவது நாள் வந்துட்டேனாம். 11,800 போனவனுக்கு அடுத்த ஆர்டர்ல 100 ரூபாய் கூப்பன் தந்தாங்க. அதை வச்சு இன்னொரு வால்வு வாங்கவா?

நேத்து 1915-க்கு, நுகர்வோர் உதவி எண், போன் பண்ணிப் புகார் பதிஞ்சிருக்கேன். 2020 மின்வணிக விதிப்படி தளத்தோட குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துல புகார் வந்துச்சுன்னு ஒப்புக்கணும், ஒரு மாசத்துல தீர்க்கணும். ஒரு மாசம் பார்ப்பேன், இல்லேன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். அஞ்சு லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது.

என்னென்ன பார்த்து வாங்கணும்னு விலாவாரியா எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்ப பொறுமை இல்ல. பழைய போல்ட்டை எடுத்துட்டுப் போய் பிட்ச் அளந்துட்டு வாங்குங்க. "எல்லா வண்டிக்கும் பொருந்தும்"னா ஓடிடுங்க, பல டொயோட்டாவுல 12×1.25, ஹோண்டாவுல 14×1.5. வெறும் கையால கடைசி வரைக்கும் ஏறணும், ஏறலேன்னா ஸ்பேனரைத் தொடாதீங்க. கிளிப் இல்லாத லிவர் வேண்டவே வேண்டாம், சம்ப்புக்குக் கீழே தொங்கற சாமான், நம்ம ஊர் ஸ்பீடு பிரேக்கர் உங்களுக்கே தெரியும். பார்சலை வீடியோ எடுத்துப் பிரிங்க.

இன்னும் இருக்கு, ஆனா உள்ள சம்ப் மாட்டியாச்சாம், ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கக் கூப்பிடறாங்க. அந்த லைட் அணையுதான்னு பார்க்கணும்.