கெலி மீனுக்கு ஊசி: சுரப்பிச் சாறா, ஓவாப்ரிமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்டத்து லயத்துக்குப் பின்னால் நாலு சிமெண்டுத் தொட்டி வைத்து ஆப்பிரிக்கக் கெலி (கெளுத்தி வகை மீன்) குஞ்சு பொரித்து விற்கிறேன். தாய்மீனை முட்டையிட வைக்க, முதல் இரண்டு வருடம் மீனின் மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியின் சாறுதான் ஊசி. அப்புறம் ஓவாப்ரிம் என்ற புட்டி மருந்துக்கு மாறினேன். திரும்பிப் போகிற எண்ணமில்லை.

கெலிக்குத் தொட்டியில் சினை நன்றாகவே முற்றும். ஆனால் மழைவெள்ளம் ஏறிப் புல்தரை முழுகினால்தான் முட்டை விடும். அந்த வெள்ளம் செய்கிற வேலையைத்தான் ஊசி செய்கிறது.

சுரப்பி முறை பழையது, மதிப்புக்குரியது. 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில் ஹிராலால் சௌத்ரி கெண்டை மீன்களை இப்படித்தான் முட்டையிட வைத்தார். இந்தியாவில் அந்த நாளையே மீன் வளர்ப்போர் நாளாகக் கொண்டாடுகிறார்கள். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த பக்கத்து வீட்டு மாமாவுக்கும் இதுதான் கைவந்த முறை. முற்றிய கெலியின் மண்டையைப் பிளந்து, மூளைக்கு அடியில் கடுகளவு இருக்கும் சுரப்பியை எடுத்து, உப்புநீரில் அரைத்து, தெளிந்த சாற்றைத் தாய்மீனின் முதுகுச் சதையில் ஏற்ற வேண்டும். ஒரு கிலோ தாய்க்கு ஒரு கிலோ மீனின் சுரப்பி. சந்தையில் வெட்டிப் போடும் தலைகளே போதும், காசு செலவில்லை.

ஓவாப்ரிம் வேறு வழியில் போகிறது. வெளியிலிருந்து சாறு கொடுக்காமல், மீனின் சொந்தச் சுரப்பியையே சுரக்க வைக்கிறது. சுரப்பைத் தடுத்துக்கொண்டிருக்கும் டோபமைன் என்ற மூளை ரசாயனத்தை விலக்க டொம்பெரிடோன் என்ற மருந்தும் ஓவாப்ரிமில் கலந்திருக்கிறது. கிலோவுக்கு அரை மில்லி, ஒரே ஊசி. 10 மில்லி புட்டி 20 கிலோ தாய்மீனுக்கு வரும். விலை கொஞ்சம் உறைக்கும்தான். ஆண்மீனை எந்த முறையிலும் வெட்டியே ஆகவேண்டும், கெலியைப் பிதுக்கினால் விந்து வராது.

சரி, நான் மாறியதற்குக் காரணம் நேரம்.

ஊசி போட்டதிலிருந்து முட்டை பிதுக்கும் வரை உள்ள நேரம் தண்ணீரின் சூட்டைப் பொறுத்தது. 25 பாகை என்றால் 11, 12 மணி நேரம். 30 பாகை என்றால் 7, 8 மணி நேரம். முந்திக்கொண்டால் வயிற்றை எவ்வளவு அழுத்தினாலும் முட்டை இறங்காது, தாய்க்குத்தான் காயம். பிந்தினால் முட்டை உள்ளேயே கெட்டுவிடும். இந்தக் கணக்கு பலிக்க மருந்தின் வீரியம் சரியாக இருக்கவேண்டும். சந்தைத் தலையில் அதை எப்படி அறிவது? இளம் மீனா, முற்றியதா, முட்டைவிட்டு ஓய்ந்ததா, தலையைப் பார்த்துச் சொல்ல முடியாது. எனக்கோ காலை ஆறு மணிக்குப் பெரட்டு, தோட்டத்தில் பேர் கூப்பிடும் நேரம். ஒரு மழைநாள் ராத்திரி சுரப்பிச் சாறு ஏற்றிய மூன்று தாய்களில் விடியும்வரை ஒன்றுகூட இறங்கவில்லை. வேலை முடிந்து மத்தியானம் வந்து பிதுக்கினேன். மறுநாள் தொட்டி முழுக்க வெள்ளை முட்டை, அதன்மேல் பஞ்சுபோல் பூஞ்சை. ஒரு கிராமில் சுமார் 700 முட்டை இருக்கும். எத்தனை குஞ்சு போனது என்று நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

இப்போது சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்குத் தொட்டியில் வெப்பமானியை விட்டுப் பார்த்துவிட்டு ஊசி போடுகிறேன். ஞாயிறு காலை ஏழரைக்குள் தாய்மீனைத் தூக்கினால் முட்டை தானாக வழிகிறது. மீனுக்கு மீன் அரைமணி முன்பின் ஆகும், அவ்வளவுதான்.

பத்தின் என்ற இன்னொரு வகை மீனுக்கு ஓவாப்ரிமை இரண்டே தடவை போட்டிருக்கிறேன். ஒரு தடவை நன்றாக வந்தது, ஒரு தடவை பாதிதான். அதனால் நான் சொன்னதெல்லாம் கெலிக்கு மட்டும்.

சுரப்பியை அடியோடு விட்டுவிடவும் இல்லை. புட்டி கிடைக்காத வாரத்துக்காக, நானே வளர்த்து எடைபோட்டு வெட்டிய மீன்களின் சுரப்பிகளை அசிட்டோனில் போட்டு, மேலே எடையையும் தேதியையும் எழுதி வைத்திருக்கிறேன்.