நிம்மலகுண்டா தோற்பாவை: வன்னி வீட்டுக்குச் சரிவருமா?

ஆந்திராவில் தர்மாவரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது நிம்மலகுண்டா. 2020 இல் இந்திய அரசின் பத்மசிறீ விருது பெற்ற தோற்பாவைக் கலைஞர் தளவாய் சலபதி ராவின் ஊர். அங்கே நிழலாட்டத்துக்குச் செய்யும் ஆட்டுத்தோல் பாவைகளைச் சென்னையிலிருந்து கொண்டுவரச் சொல்பவர்கள் முதலில் இரண்டடி அனுமாரை எடுக்கலாம். பத்துத்தலை இராவணன் கண்ணைப் பறிக்கும்தான். ஆனால் தோல் அகலமாக இருக்க இருக்கச் சுருளலும் கூடும்.

வேலைப்பாட்டில் குறை சொல்ல இடமில்லை. ஒளி புகுமளவுக்குத் தோலைச் சுரண்டி, உளியால் துளையிட்டு, இரு பக்கமும் சாயம் தீட்டுகிறார்கள். மின்குமிழுக்கு முன்னால் பிடித்தால் அனுமாரின் மாலையில் ஒவ்வொரு மணியும் தனித்தனியே ஒளிரும். இடையிடையே மயிர்க்கால் புள்ளிகளும் மங்கலாகத் தெரியும். ஒரு புள்ளியும் இல்லாமல் வழுவழுவென்று சீராக இருந்தால் சந்தேகப்படுங்கள், பிளாஸ்டிக் தாளாக இருக்கலாம்.

பார்க்கவேண்டியது கைகால் மூட்டுகளைத்தான். அந்த ஊரில் இப்போது விளக்குக்கூடும் சுவரலங்காரமும் நிறையச் செய்கிறார்கள். அதனால் கைகால் அசையாத உருக்களும் பாவையென்றே கடைக்கு வந்துவிடுகின்றன. தோளிலும் முழங்கையிலும் நூல்முடிச்சு இருக்கவேண்டும். நிமிர்த்திப் பிடித்துக் கையைத் தூக்கி விட்டால் தன்பாட்டில் விழவேண்டும். நடுக்குச்சி தலைவரை போகாவிட்டால் கழுத்து மடியும். முடிச்சு துளைக்குள் இழுபட்டுத் தோல் கிழிவதும் வழமை. பழைய தோற்செருப்பில் சில்லுப்போல ஒரு துண்டு வெட்டி முடிச்சுக்கு அடியில் கோத்துவிட்டால் பிறகு கிழியாது.

இலங்கையின் வடக்கிலுள்ள வன்னியின் காலநிலைதான் உண்மையான சோதனை. வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் முடிந்து சோளகம் என்ற தென்மேல் காற்று அடிக்கிற நாட்களில் தோல் காய்ந்து விறைக்கும். அப்போது இழுத்து நிமிர்த்தினால் துளைவரிசை வழியே வெடிக்கும். மாரியில் அதே தோல் ஈரம் குடித்து இளகும். அந்த நேரம் இரண்டு பருத்தித் துணிக்கிடையே வைத்து, மேலே பலகையும் பாரமும் ஏற்றி மூன்று நாள் விட்டால் நிமிர்ந்துவிடும். ஸ்திரிக்கைப் பெட்டி கிட்டவும் போகக்கூடாது, தோல் சுருங்கிவிடும். ஈரத்துணியால் துடைத்தால் சாயம் ஊறும். பொலித்தீனில் சுற்றினால் மாரி முடியமுன் பூஞ்சணம் பிடிக்கும். வெள்ளைத் துணியில் சுற்றி, அலுமாரி மேல்தட்டில் படுக்கையாக வையுங்கள். கீழ்த்தட்டு கறையானுக்குத்தான்.

நிழலாட்டிப் பார்க்க எல்.ஈ.டி. குமிழ் போதும், சூடான குமிழைப் பாவைக்குக் கிட்டப் பிடிக்கவேண்டாம்.

வாங்கும்போதே ஒன்று சொல்லிவிடுங்கள்: குழாயில் சுருட்டவேண்டாம், இரண்டு மட்டைக்கிடையே தட்டையாகக் கட்டித் தரட்டும்.