ஃப்ரீடம் புத்தகக் கடை, வொயிட்சேப்பல்: அரசின்மைவாதம் படிக்க விரும்புபவர்களுக்கு

அரசோ அதிகாரமோ இல்லாமல் மக்கள் தாங்களே சேர்ந்து வாழ முடியும் என்பதுதான் அரசின்மைவாதம் (அனார்கிசம்). லண்டனில் இருந்துகொண்டு அதைப் படிக்க ஆசைப்படுபவர்கள், இணையத்தில் புத்தகத்துக்குச் சொல்லிவைப்பதற்கு முன் ஒரு நடை ஏஞ்சல் சந்துக்குப் போய் வாருங்கள். ஈஸ்ட்ஹாமில் ஏறினால் ரயில் மாறாமல் ஆல்ட்கேட் ஈஸ்ட்டில் இறங்கலாம். வொயிட்சேப்பல் கலைக்கூடத்தை ஒட்டியே அந்தச் சந்து. தெரியாதவர்கள் தாண்டிப் போய்விடுவார்கள். உள்ளே நுழைந்தால் சுவரில் வரிசையாக அரசின்மைவாதிகளின் முகங்கள். பெரிய தாடியோடு ரஷ்யச் சிந்தனையாளர் பீட்டர் குரோபோட்கின், கண்ணாடி போட்ட எம்மா கோல்ட்மேன். அங்கேதான் கடை.

1886இல் சார்லட் வில்சன், குரோபோட்கின் முதலியோர் சேர்ந்து தொடங்கிய 'ஃப்ரீடம்' பத்திரிகையின் வழியில் வந்தது இது. இடம் சின்னது, ஆனால் அலமாரிகளில் அடர்த்தி அதிகம். இந்தக் கொள்கையின் முன்னோடிகளான புரூதோன், பக்கூனின், லண்டனில் மின்வேலை செய்து வயிற்றைக் கழுவிய இத்தாலியர் மலடெஸ்டா என்று எல்லாரும் இருக்கிறார்கள். துண்டுநூல்களும் நிறைய. தனிச்சொத்தும் தடையில்லாச் சந்தையும்தான் சுதந்திரம் என்னும் ஹயேக், ராத்பார்ட், நோசிக் வகைச் சந்தைச் சுதந்திரவாதம் தேடுபவர்களுக்கு இது ஏற்ற கடை இல்லை. சொத்துரிமையைக் கேள்வி கேட்காத சுதந்திரத்தை இந்த மரபு ஏற்றதே கிடையாது. இதில் நானும் இவர்கள் பக்கம்தான்.

கடையை நடத்துபவர்கள் தன்னார்வலர்கள். எனவே திறந்திருக்கும் நேரத்தைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். அங்கிருந்த ஒரு பெரியவரிடம் "முதலில் எதைப் படிக்கலாம்?" என்று கேட்டேன். குரோபோட்கினை நீட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் எடுத்துக் கொடுத்தது பிரிட்டிஷ் அரசின்மைவாதி கொலின் வார்டை. சரியான தேர்வு என்றுதான் சொல்வேன். வார்ட் வருங்காலப் புரட்சிக்காகக் காத்திருக்கச் சொல்வதில்லை. உத்தரவு போட யாரும் இல்லாமல் மக்கள் தாங்களே சேர்ந்து ஏற்கெனவே என்னென்ன செய்கிறார்கள் என்று காட்டுகிறார்: காய்கறி பயிரிடத் துண்டு நிலம் குத்தகைக்கு எடுப்பவர்கள், குழந்தைகள் பலகையும் ஆணியுமாகத் தாங்களே கட்டிக்கொள்ளும் விளையாட்டிடங்கள், 1946இல் வீடில்லாத குடும்பங்கள் காலி இராணுவ முகாம்களுக்குள் குடியேறியது.

வார்ட் இந்த வட்டத்துக்குள் வந்த கதையே தனி. 1945இல், படைவீரர்களின் விசுவாசத்தைக் கெடுக்கச் சதி செய்ததாக ஃப்ரீடம் குழுவினர் நால்வர் மீது வழக்கு. பத்திரிகைக்குச் சந்தா கட்டிய சில வீரர்களை அரசுத் தரப்பு சாட்சிக்கு அழைத்தது. அவர்களில் ஒருவர் வார்ட். படித்ததால் எங்கள் விசுவாசம் ஒன்றும் கெடவில்லை என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். இருந்தும் மூவருக்கு ஒன்பது மாதச் சிறை. நான்காமவரான மரி லூயிஸ் பெர்னரி தப்பினார்; அவருடைய கணவர் அந்த மூவரில் ஒருவர். கணவனும் மனைவியும் தங்களுக்குள் சதி செய்ததாகக் கருத முடியாது என்று அன்றைய சட்டம் சொன்னது! சாட்சியாக வந்த வார்டோ, 1947இல் ஃப்ரீடமின் ஆசிரியர் குழுவிலேயே சேர்ந்துவிட்டார்.

குரோபோட்கினை விட்டுவிடாதீர்கள். போட்டிதான் இயற்கையின் விதி என்று சொன்னவர்களுக்கு மறுப்பாக, விலங்குகளும் மனிதர்களும் பரஸ்பர உதவியால் பிழைத்ததைப் பற்றி அவர் எழுதிய நூல் 1902இல் வந்தது. எனக்கு அதைவிடப் பிடித்தது, வேறொரு நூலில் சுதந்திரமான ஒப்பந்தம் பற்றி, அதாவது கட்டாயமின்றி மக்கள் தாங்களே கூடிச் செயல்படுவது பற்றி, அவர் எழுதிய அத்தியாயம். கடலில் தத்தளிப்பவர்களைக் காப்பாற்றும் பிரிட்டனின் உயிர்காப்புப் படகுச் சங்கத்தை அதில் உதாரணம் காட்டுகிறார். அரசாங்கம் நடத்துவதில்லை, யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை, புயலில் படகை இறக்குபவர்கள் தாங்களாக முன்வந்தவர்கள். சவுத்எண்ட் கடற்பாலத்துக்குப் போயிருப்பீர்கள். அதன் கோடியில் அதே சங்கத்தின் நிலையம் இன்றைக்கும் இருக்கிறது. இதைப் படித்த பிறகு அந்த உண்டியலில் காசு போடாமல் என்னால் நகர முடிவதில்லை.

அப்புறம் 1914. போர் வெடித்ததும் குரோபோட்கின், ஜெர்மனிக்கு எதிராக நேச நாடுகளை ஆதரித்தார். அவருடைய கடிதத்தை ஃப்ரீடம் வெளியிட்டது. அடுத்த மாதமே, அரசின்மைவாதிகள் தங்கள் கொள்கையை மறந்துவிட்டார்கள் என்ற மலடெஸ்டாவின் கட்டுரையையும் அதே பத்திரிகை வெளியிட்டது. ஆசிரியர் தாமஸ் கீல் போரை எதிர்த்து நின்றார், சிறைக்கும் போனார். நிறுவிய பெரிய மனிதர் சொல்லிவிட்டார் என்பதற்காக யாரும் வாயை மூடிக்கொள்ளவில்லை. தலைவர் வாக்கே வேதவாக்கு என்று வளர்ந்த எனக்கு, இந்த இயக்கத்தின் மீது மரியாதை வந்தது இங்கேதான். அந்தக் கடிதத்தையும் கட்டுரையையும் அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள், தத்துவ நூல் பத்து படித்த பலன் கிடைக்கும்.

2013 பிப்ரவரியில் யாரோ கடைக்குத் தீ வைத்தார்கள். புத்தகங்களும் பழைய ஆவணங்களும் நாசமாயின. காப்பீடு கிடையாது. மறுநாளே ஆட்கள் வந்து கரி துடைத்தார்கள், சில நாளில் கடை திறந்துவிட்டது. அதன் பிறகு எப்போது போனாலும் வெறுங்கையோடு திரும்பக் கூடாது என்று வைத்திருக்கிறேன். நீங்களும் ஒரு துண்டுநூலாவது வாங்குங்கள்.

நம்மவர்கள் கட்டாயம் கேட்டு வாங்க வேண்டியது எம்.பி.டி. ஆச்சார்யாவின் எழுத்து. 1887இல் சென்னையில் பிறந்தவர், பாரதியின் 'இந்தியா' பத்திரிகையோடு இருந்தவர். இந்தியப் புரட்சியாளர்கள் கூடிய லண்டன் இந்தியா ஹவுஸ், பிறகு 1920இல் தாஷ்கண்டில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் தொடக்கம் என்று சுற்றிவிட்டு, அங்கேயும் கட்சிக் கட்டுப்பாட்டை ஏற்க முடியாமல் அரசின்மைவாதியானார். 1954இல் பம்பாயில் வறுமையில் இறந்தார். சுதந்திர இந்தியா என்றால் டெல்லியில் இன்னொரு அரசாங்கம் மட்டும்தானா என்று விடாமல் கேட்டவரை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? 1923 முதல் 1953 வரையிலான அவருடைய ஆங்கிலக் கட்டுரைகளும் மொழிபெயர்ப்புகளும் 2019இல் ஒரே தொகுப்பாக வந்துவிட்டன. அலமாரியில் கண்ணில் படாவிட்டால் கல்லாவில் கேளுங்கள்.